தங்காத செல்வம்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் பெருமையை அளக்க நினைப்பவர் யாரும் அதன் கிடங்கைத் தேடிப் போவதில்லை. கள்ளிமந்தையம், அம்பிளிக்கை, விருப்பாச்சிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தக்காளிப் பெட்டிகளும் முருங்கைக்காய்க் கட்டுகளும், மேல்மலையிலிருந்து இறங்கும் கேரட்டும் பீன்ஸும் ஏலம் முடிந்த சூட்டோடு லாரி ஏறிவிடுகின்றன. அவற்றில் பெரும்பகுதி விடிவதற்குள் கேரளத்து ஊர்களைச் சேர்ந்துவிடும். ஓணம் நெருங்கினால் இந்த ஓட்டம் இன்னும் வேகம் பிடிக்கும். ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதும் ஊரறிந்ததுதான்: விலை விழுந்த நாளில் கேட்பாரற்ற தக்காளி சாலையோரம் கொட்டப்பட்டு, மறுநாள் வெயிலில் ஈ மொய்க்கக் கிடக்கும். எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் அங்கே இருப்பது கொஞ்சம். ஆண்டு முழுவதும் அதன் வழியே போவதோ மலையளவு.

இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாலும் மனிதரை அளக்கும்போது நாம் வேறொரு படியை எடுக்கிறோம். ‘அவருக்கென்ன, நிறைய இருக்கிறது’ என்கிறோம். எத்தனை ஏக்கர், எத்தனை பவுன், வங்கியில் எவ்வளவு என்று இருப்பை வைத்தே ஒருவரின் உயரத்தைக் கணிக்கிறோம். அறிவைக்கூடச் சேர்த்து வைத்த பொருளாகவே எண்ணுகிறோம். பிடித்து வைத்திருப்பதே வாழ்வு, விட்டுவிடுவது இழப்பு என்ற இந்தக் கணக்கு நம்முள் கேள்வியின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பூமியில் உயிர் என்ற ஒன்று இத்தனை கோடி ஆண்டுகள் அறுபடாமல் நடந்துவருவது இந்தக் கணக்கினால்தானா? இதற்கு விடை தேடினால், பழனி மலையடிவாரத்தின் இந்த வறண்ட மண்ணிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

கடல் நமக்குத் தொலைவு என்பதுகூடத் தோற்றம்தான். ஐப்பசி கார்த்திகையில் இந்த மலைகளை நனைக்கும் மேகம் வங்கக்கடலில் எழுந்தது. கரை விட்டு விலகிய அந்தக் கடலைப் பார்த்தவர்கள் அதன் ஆழ்ந்த நீலத்தை மறப்பதில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற விளக்கத்தை ஏற்க மறுத்தார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. நீலம் மட்டும் நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிச் செல்கிறது. நாம் அழகென்று ரசிக்கும் அந்த நிறத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. நீலமாகத் தெரியும் கடல் உணவற்ற கடல். சத்துகள் நிறைந்த நீர் பச்சையாகவோ கலங்கலாகவோ இருக்கும். கண்ணாடி போன்ற நீலம், அங்கே பெரிதாக எதுவும் வளர வழியில்லை என்பதன் அடையாளம்.

அந்த வறுமையின் நடுவில்தான் உலகின் மிகப் பெரிய கூட்டம் ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது. அது இருப்பதே 1985 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு அட்லாண்டிக் கடற்பயணத்தில், நீரில் உள்ள துகள்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிப் பயன்படுத்தினார்கள் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் அவர்களுடன் இருந்தவர்களும். கருவித் திரையின் ஓரத்தில், இரைச்சல் என்று ஒதுக்கிவிடத்தக்க அளவில் மங்கலான சிவப்பு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அவை இரைச்சல் அல்ல, பச்சையம் கொண்ட உயிர்கள் என்று 1988இல் அறிவித்தார்கள். புரோகுளோரோகாக்கஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கைவிடவும் சிறிய உயிர் அது. தலைமுடி ஒன்றின் குறுக்கே நூறு செல்களை வரிசையாக நிறுத்தலாம். வெப்பக்கடலின் மேல்நீரை ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் அதில் லட்சம் செல்கள் இருக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 40 பாகையிலிருந்து தெற்கே 40 பாகை வரை, மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழம் வரை அது பரவியிருக்கிறது. மொத்த எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் இருபத்தேழு சுழியங்கள் இடத்தக்கது என்று மதிப்பிடுகிறார்கள். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இந்த ஒரே வகை உயிரால் நடக்கிறது.

புரோகுளோரோகாக்கஸ் சேர்ந்த குடும்பமான, சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாசிகளை ஆராய்வதில் தமிழகத்துக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ என்னும் பெருநூல் இன்றும் உலகெங்கும் மேசைகளில் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபாக்டீரியாக்களைத் தொகுத்து வளர்க்கவே தேசிய மையம் ஒன்று இயங்குகிறது. ஆனால் தேசிகாச்சாரி தம் நூலை எழுதிய காலத்தில், அந்தக் குடும்பத்திலேயே எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற உயிர் அவர் நூலில் மட்டுமல்ல, எந்த நாட்டின் எந்த நூலிலும் இல்லை. இது எவர் குறையும் அன்று. எது எங்கும் நிறைந்திருக்கிறதோ, எது ஓசையின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறதோ, அதுதான் நம் கண்ணுக்குக் கடைசியாகப் படுகிறது. நம் வீடுகளிலும் ஊர்களிலும் எல்லாவற்றையும் தாங்கி நிற்பவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், இந்த உண்மையை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இப்போது இருப்பையும் ஓட்டத்தையும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்ப்போம். நிலத்தில் உள்ள காடு, புல், பயிர் எல்லாவற்றிலும் அடங்கிய கரிமத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ 45,000 கோடி டன் வருகிறது. கடலில் ஒளியை உண்டு வாழும் மிதவை உயிர்கள் அனைத்தையும் திரட்டினால் 100 கோடி டன்தான் தேறும். தராசில் வைத்தால் கடலின் தட்டு தூசி போல மேலே போய்விடும். ஆனால் ஓராண்டில் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கரிமத்தை எடுத்து உயிர்ப்பொருளாக்கும் வேலையை அளந்தால் நிலமும் கடலும் கிட்டத்தட்ட சரிபாதி. ஒவ்வொன்றும் சுமார் 5,000 கோடி டன். நிலத்தின் பசுமை தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளச் சராசரியாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடலின் மிதவை உயிர்களோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் தம்மை முழுதும் மாற்றிக்கொள்கின்றன. மரம் தான் உண்ட ஒளியைக் கட்டையாக்கி நூறு ஆண்டு நிற்கிறது. கடலில் உண்ட ஒளி சில நாட்களில் கைமாறிவிடுகிறது. ஒட்டன்சத்திரத்தில் பெட்டியும் கட்டும் எதைச் சொல்கின்றனவோ அதையே கடலும் சொல்கிறது: கையிருப்பு சிறிது, கடந்து செல்வது பெரிது.

அது எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். பகல் முழுவதும் ஒளியைச் சேர்த்து வளரும் செல், பிற்பகலில் தன் மரபுப் பொருளை இரட்டிப்பாக்கி, பொழுது சாய்ந்தபின் இரண்டாகப் பிரிகிறது. நல்ல நீரில் நாளுக்கு ஒரு முறை இது நடக்கும். அப்படியானால் மறுநாள் காலை கூட்டம் இருமடங்காக வேண்டும். பத்து நாளில் ஆயிரம் மடங்கு. ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. பிறந்த அளவுக்கு இரையாகவும் வைரஸ்களால் வெடித்தும் செல்கள் போய்விடுகின்றன. வெடித்த செல்லிலிருந்து கரைந்ததையும், உயிருள்ள செல் கசியவிடும் கரிமப் பொருளையும் உண்டு வேறு கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றை உண்பவை, அவற்றையும் உண்பவை என்று படியேறி, அதில் ஒரு சிறு பங்கு என்றோ ஒரு நாள் நெத்திலியாகவும் சாளையாகவும் உருக்கொண்டு, கருவாடாகி நம் வாரச்சந்தைக்கும் வந்து சேர்கிறது. நூறு கோடி டன்னின் இருப்பு ஒரு கூட்டமாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதன் ஓர் இடைக்கணம்.

இந்த வாழ்வு எந்தச் சூழலில் நடக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வங்கக்கடலின் உப்புநீர்மேல் மூடிபோலப் படிந்திருக்கிறது. ஆழத்தில் உள்ள சத்துகள் அந்த மூடியைத் தாண்டி எளிதில் மேலே வருவதில்லை. ஒளி ஏராளம், உணவு அரிது என்பதே அங்குள்ள நிலை. இத்தகைய இடத்தில் பிழைக்க இரு வழிகள்தான் உண்டு. கிடைக்கும் இடத்துக்கு ஓட வேண்டும், அல்லது தேவையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். புரோகுளோரோகாக்கஸ் இரண்டாவதை எடுத்தது. செல்லின் மேலுறையை நெய்யப் பெரும்பாலான உயிர்கள் பாஸ்பரஸைச் செலவிடுகின்றன. அது கிடைக்காத நீரில் இது கடல்நீரில் ஏராளமாக உள்ள கந்தகத்தைக் கொண்டே அந்த உறையின் பெரும்பகுதியை முடித்துக்கொள்கிறது. அதன் மரபணுக்கள் சுமார் 2,000. மேல்நீரில் வாழும் வகைகளில் அதைவிடவும் குறைவு. ஒளியை உண்டு தனித்து வாழும் உயிர்களில் இத்தனை சிறிய மரபுத்தொகுதி வேறெதற்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதைவிட வியப்பு, அது எவற்றையெல்லாம் விட்டது என்பது. வெயில் பட்ட கடல்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நச்சு இடைவிடாது உருவாகிறது. அதை உடைக்கும் நொதியைச் செய்யும் மரபணு இதனிடம் இல்லை. முன்னோரிடம் இருந்ததை வழியில் எங்கோ கைவிட்டிருக்கிறது. சுற்றியுள்ள மற்ற பாக்டீரியாக்கள் தம் தேவைக்காக அந்த நச்சை உடைக்கும்போது நீர் எல்லோருக்கும் தூய்மையாகிவிடுகிறது. அந்தத் துணையில்லாமல் ஆய்வகத்தில் இதைத் தனியே வளர்ப்பது கடினம். சுற்றத்தாருக்கு இது பதிலாகத் தருவது ஒளியிலிருந்து செய்த உணவு. தனித்து நின்றால் குறையுள்ளதாகத் தோன்றும் உயிர், கூட்டத்தில் நின்றால் முழுமையாகிறது. மரபணுக்களின் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு செல்லிடம் இருப்பது 2,000தான் என்றாலும், எங்கெங்கோ வாழும் அதன் எண்ணற்ற வகைகள் அனைத்திலும் பரவிக் கிடக்கும் வெவ்வேறு மரபணுக்கள் 80,000 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இது மனிதனிடம் உள்ளவற்றைப் போல நான்கு மடங்கு. ஒருவரிடம் எல்லாம் இல்லை. எல்லாரிடமும் சேர்ந்து எதற்கும் குறைவில்லை.

பச்சையத்தைக் கொண்டு ஒளியை உண்பவை மட்டுமே கடலின் ஒளியுண்ணிகள் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 2000இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீரை ஆராய்ந்த ஓடெட் பேஜா, எட்வர்ட் டிலாங் குழுவினர் இன்னொரு வழியையும் கண்டார்கள். பச்சையமே இல்லாத பாக்டீரியாக்கள் பல, ரெட்டினால் என்ற நிறமியைத் தாங்கிய ஒரு புரதத்தால் ஒளியைப் பிடித்து அந்த ஆற்றலைப் பயன்படுத்திக்கொள்கின்றன. மேல்நீரில் வாழ்பவை பச்சை ஒளிக்கும் ஆழத்தில் வாழ்பவை நீல ஒளிக்கும் இசைந்திருக்கின்றன. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது புரதத்தில் ஓரிடத்தில் மாறும் ஒரே ஓர் அமினோ அமிலம். இவற்றில் பல ஒளியால் கொழுப்பதில்லை. உணவு தீர்ந்துபோன நாட்களில் உயிர் போகாமல் தாக்குப்பிடிக்க அந்தச் சிறு ஆற்றல் உதவுகிறது என்பதைச் சில வகைகளில் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு ஒளி வளர்ச்சி. சிலருக்கு அது பசியைத் தாங்கும் வலிமை.

ரெட்டினால் நமக்கு அந்நியமானது அல்ல. முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் உள்ளே இருப்பது அதுவே. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினை நம் உடல் உடைத்துச் செய்யும் ரெட்டினால்தான் விழித்திரையில் ஒளியை முதலில் தொடுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் முன் பாத்தியின் நீர் செம்மை பூண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தச் செம்மைக்குக் காரணமானவற்றுள், பாக்டீரியாக்களைப் போலவே தோன்றினாலும் வேறொரு குலத்தைச் சேர்ந்த உப்பு விரும்பி உயிர்கள் முக்கியமானவை. அவற்றில் சிலவற்றின் செல்லுறையிலும் இதே ரெட்டினால் ஒளியைப் பிடித்துக்கொண்டிருப்பதை 1971லேயே அறிந்தார்கள். நாம் எதைக் கொண்டு உலகைக் காண்கிறோமோ அதைக் கொண்டே அவை உலகை உண்கின்றன. காண்பதும் உண்பதும் வேறுவேறு என்று நாம் வகுத்த கோடு, உயிரின் அடித்தளத்தில் அழிந்துபோகிறது. இரண்டும் ஒளியை ஒரு கணம் ஏந்திப் பிறகு விட்டுவிடும் ஒரே செயல்தான். ஒளிபட்ட கணத்தில் வடிவம் மாறும் அந்த மூலக்கூறு, பழைய நிலைக்கு மீட்கப்பட்டால்தான் அடுத்த ஒளித்துளியை ஏற்க முடியும். மாறியபடியே நின்றுவிட்டால் கண் குருடு.

ஒளியின் இயல்பே அப்படி. கொடைக்கானலின் உச்சியில் 1901 முதல் ஒரு வானாய்வு நிலையம் சூரியனை நோக்கிக்கொண்டிருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டது அங்கேதான். அங்கே பதிவாகும் ஒளி சூரியனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகியிருக்கும். அது எங்கும் தங்கி நிற்காது. பாறையில் விழுந்தால் வெப்பமாகிப் போய்விடும். இலையிலோ கடலின் ஒரு செல்லிலோ விழுந்தால் மட்டும் நேரே வெப்பமாகிவிடாமல், சர்க்கரையாகி, தசையாகி, அசைவாகி, எண்ணமாகி, பல கைகள் மாறி, இறுதியில் அதுவும் வெப்பமாகி விண்வெளிக்குத் திரும்பிவிடும். உயிர் என்று நாம் சொல்வதெல்லாம், சூரியனிலிருந்து புறப்பட்டு வெறுவெளிக்குச் செல்லும் ஒளியின் நெடும்பயணத்தில் ஏற்பட்ட ஒரு சுற்றுவழிதான். அந்தச் சுற்றுவழி நீண்டுகொண்டே போனதில்தான் மீனும் முருங்கையும் மனிதனும் தோன்ற இடம் கிடைத்தது. எவரும் அந்த ஆற்றலுக்கு உடைமையாளர் அல்லர். எல்லோரும் அது கடக்கும் வாயில்கள்.

இங்கே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடலின் அந்தச் சிறு உயிர் பிறருக்காகத் தன்னைக் கொடுக்கிறது என்று சொல்லத் தோன்றும். சொன்னால் அது பொய். அதற்கு எண்ணமில்லை, ஈகையுமில்லை. இரையாவதை அது விரும்புவதில்லை. கசியவிடுவது அதன் கொள்கையன்று. கடலில் நாம் காண்பது ஓர் ஒழுங்கு மட்டுமே. அறம் என்று சொல்வதற்கு அங்கே எதுவுமில்லை. ஆனால் ஒழுங்கு எது என்று அறிந்துகொண்ட உயிருக்கு அதன்பின் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அறியாமல் நடப்பதை அறிந்து நடத்தும் நிலை நமக்கு வாய்த்திருக்கிறது. தேங்கினால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்னும் மிதவையுயிர் அளவுகடந்து பெருகியது. கடல் பச்சைக் குழம்பாகி, அந்தப் பெருக்கத்தில் நீரின் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் செத்துக் கரையொதுங்கின. பெருக்கத்தைக் கரைத்துக் கொண்டுபோக வழியில்லாதபோது வளமே மூச்சை அடைத்தது.

அப்படியானால் சேர்த்து வைப்பதே தவறா என்று கேட்கலாம். விதைநெல் வைக்காத வீடு அடுத்த ஆண்டு பட்டினி கிடக்கும். குளத்தில் நீர் நிற்காவிட்டால் கோடையில் ஊர் தவிக்கும். சேமிப்பே கூடாது என்று இயற்கையும் சொல்லவில்லை. நாம் மூச்சாக இழுக்கும் ஆக்சிஜன்கூட ஒரு மாபெரும் சேமிப்புதான். ஆனால் அது எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. இன்று கடலில் உண்டாகும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதி கடலிலேயே செலவாகிவிடுகிறது. யாரும் உண்ணாமல் சேற்றில் புதைந்துபோன துளியளவு உயிர்ப்பொருளுக்கு ஈடான ஆக்சிஜன் மட்டுமே மிஞ்சி மேலே வந்தது. இன்றைய புரோகுளோரோகாக்கஸின் குலத்து முன்னோர், நீரைப் பிளந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாத கழிவென்று வெளியேற்றியது அந்த வாயு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் சேரத் தொடங்கியபோது அக்கால உயிர்கள் பலவற்றுக்கு நஞ்சாக இருந்தது. பிறகு அதுவே எலும்பும் இரத்தமும் கொண்ட உலகுக்கு அடிப்படையாயிற்று. அந்தப் பழங்கால செல்கள் தமக்குள் பிடித்து வைத்தவை எல்லாம் அவற்றோடு போயின. அவை வெளியே விட்டது வானமாக நிற்கிறது.

விடுவதற்கு விலையும் உண்டு. சுமையை இறக்கி வைத்த உயிர், தன்னைச் சூழ்ந்த உலகம் மாறாது என்ற நம்பிக்கையில் வாழ்கிறது. வெப்பத்தையும் நெருக்கடியையும் சமாளிக்க உதவும் மரபணுக்கள் பலவற்றையும் புரோகுளோரோகாக்கஸ் அப்படியே உதறிவிட்டிருக்கிறது. கடல் சூடேறினால் இது பெருகும் என்று 2013இல் வந்த கணிப்பு சொன்னது. கடலில் நேரடியாக எடுத்த அளவீடுகளைக் கொண்டு 2025இல் வெளிவந்த ஆய்வு, நீரின் வெப்பம் ஏறத்தாழ 28 பாகையைத் தாண்டினால் இதன் பிரிவு வேகம் சரிகிறது என்கிறது. வங்கக்கடலின் மேல்நீர் ஆண்டில் பல மாதங்கள் அந்த அளவுக்கு மேலேயே இருக்கிறது. இதில் நமக்குக் கூச்சம் தரும் ஒரு நீதி அடங்கியிருக்கிறது. இலேசாக வாழ்பவன் உலகத்தை நம்பித்தான் இலேசாக வாழ்கிறான். அந்த உலகத்தைக் குலைப்பவனோ, எல்லாவற்றையும் தனக்கென்று அள்ளிக்கொண்டு கனமாக வாழ்பவன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளியிலிருந்து பிறந்து புதைந்து கிடந்ததை நூற்றைம்பது ஆண்டுகளில் தோண்டி எரித்து, ஒளி மெல்ல மெல்லச் சென்ற வழியை நாம் ஒரே பாய்ச்சலாக்கிவிட்டோம். வறுமையில் வாழக் கற்றவர்கள் வளத்தில் திளைப்பவர்களின் தவற்றுக்கு முதலில் விலை கொடுப்பது கடலில் மட்டும் நடப்பதல்ல.

ஆகவே, பிடிப்பதும் விடுவதும் எதிரெதிர் அல்ல என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிடிக்காத செல்லில் ஒளி நிற்பதில்லை. விடாத செல்லில் அடுத்த ஒளிக்கு இடமில்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டே காலத்தைக் கழிக்கிறோம். எதற்காகப் பிடிக்கிறோம் என்ற கேள்விதான் முந்தியது. விதைநெல் விதைப்பதற்காகவே காக்கப்படுகிறது. குளத்து நீர் மடை திறப்பதற்காகவே நிறுத்தப்படுகிறது. கல்வி இன்னொருவர் மனத்தில் ஏறுவதற்காகவே ஒருவர் மனத்தில் தங்குகிறது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வளர்ப்பதுகூட, ஒரு நாள் அந்தப் பிள்ளை நம் கையை விட்டு நடந்து போக வேண்டும் என்பதற்காகத்தான். விடுவதற்கென்று பிடித்ததெல்லாம் நம் கையில் இருக்கும்போதும் உயிரோடு இருக்கிறது. பிடிப்பதற்கென்றே பிடித்தது நம் கையிலேயே அழுகத் தொடங்குகிறது.

நம்மிடம் உள்ளவற்றில் நாமே உண்டாக்கியது எது என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. உடல் ஒளியிலிருந்து வந்தது, மூச்சு பழங்காலக் கழிவிலிருந்து வந்தது, மொழி முன்னோரிடமிருந்து வந்தது, அன்பு செய்யும் பழக்கமும் யாரோ நம்மேல் காட்டிய அன்பிலிருந்து வந்தது. இவ்வாறு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தவற்றின் ஒரு தற்காலிகக் கூடலையே ‘நான்’ என்று பெயரிட்டு, அதைச் சுற்றி வேலி கட்டி, வேலிக்குள் இருப்பதை வைத்து நம்மை அளந்துகொள்கிறோம். ஒரு கணமும் நில்லாத ஒளியை ஏந்தி, ஒரு வாரமும் நிலைக்காத உடலால், பாதி உலகத்தின் உணவைத் தொடங்கிவைக்கும் உயிர்கள் நம் காலடியிலிருந்து தொலைவில் ஒரு நீலக்கடலில் இருக்கையில், அந்த அளவுகோல் எவ்வளவு சிறியது என்று இப்போது தெரிகிறது. ஒரு வாழ்வின் அளவு அதனிடம் கடைசியில் எஞ்சிய கையிருப்பில் இல்லை; அதன் வழியே எவ்வளவு பேருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. தனக்கென்று வைத்துக்கொண்டது தன்னோடு முடிகிறது. தன்னைக் கடந்து சென்றதே உலகமாக நிலைக்கிறது.